தெரிந்ததைக் கேட்கிறவர்கள்

பின்னால் வந்தவர்கள் எல்லாரும் ஊர்க்காரர்கள் ஆகிவிட்டார்கள். முதலிலிருந்தே இருந்தவர்களுக்குத்தான் புதிதாக ஒரு பெயர் தேவைப்பட்டது. பூர்வகுடிகள் என்று வைத்தார்கள். பெயர் வைத்த கையோடு, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவே நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றைக் கட்டிச் சாவியையும் கொடுத்தார்கள். நிலத்தை எடுத்துக்கொண்டு சாவி கொடுப்பது பண்பட்டவர்களின் வழக்கம்.

அதில் மூன்றாவது மாடியில் குளிரறைக்காரரின் குடும்பம் இருந்தது. அவர், அவர் மனைவி, ஐந்து வயது மகள். மகளுக்குப் பதிவேட்டில் நீளமாக ஒரு பெயர் உண்டு. வீட்டில் கடுகு. பிறந்தபோது அவ்வளவுதான் இருந்தாள். போன வருஷம் வரை குளிரறைக்காரரின் அண்ணனும் அவர்களோடு இருந்தார். கடுகுக்குப் பெரியப்பா.

குளிரறைக்காரருக்கு வேலை, உறைந்த மீனும் இறைச்சியும் பட்டாணியும் கூரை வரை அடுக்கி வைத்திருக்கும் கிடங்கில். தொங்கும் பிளாஸ்டிக் பட்டைகளை விலக்கிக்கொண்டு உள்ளே போனால் மூச்சு முகத்துக்கு முன்னால் வெள்ளையாக நிற்கும். இரண்டிரண்டு பேராகத்தான் போக வேண்டும் என்பது அங்கே விதி. பேச்சுத் துணைக்கு அல்ல, முகம் பார்க்க. மூக்கு நுனியோ காது மடலோ வெளுத்தால் எதிரே இருப்பவன் "மூக்கு" என்பான், "காது" என்பான். சொல்லப்பட்டவன் உடனே வெளியே போய்விட வேண்டும். "எனக்கு ஒண்ணுமில்ல" என்று அவன் சொன்னால் அதை யாரும் காதில் வாங்கக் கூடாது. மரத்துப்போனவனுக்குத் தான் மரத்துப்போனது தெரியாது. அவனையே கேட்டு என்ன பிரயோஜனம்? ஆகவே அங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை. பார்ப்பார்கள், சொல்வார்கள்.

இந்த விதியைக் குளிரறைக்காரருக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அவர்கள் ஆட்களின் வீடுகளில் எல்லாமே அப்படித்தான். கேள்வி என்பது தெரியாததைத் தெரிந்துகொள்ள. தெரிந்ததைக் கேட்டால் அது ஒன்று நக்கல், இல்லாவிட்டால் நோய். சொட்டச் சொட்ட நனைந்து வருகிறவனைப் பார்த்து "என்ன, மழையா?" என்று விசாரிக்கும் நாகரிகம் உலகத்தில் உண்டு. இவர்கள் துண்டை எடுத்து நீட்டுவார்கள். குழந்தைகளிடம் நிறையப் பேசுவார்கள், பக்கத்தில் உட்காரவைத்து வேலை செய்வார்கள், பரீட்சை மட்டும் வைக்க மாட்டார்கள். கடுகும் கேட்டால் பேசுகிற பிள்ளை இல்லை, கண்டால் பேசுகிற பிள்ளை. "மாடிப்படியில பூனை வாந்தி எடுத்திருக்கு, கால வெச்சிராதீங்க" என்று கதவைத் திறந்து சொல்வாள். "மேல் வீட்டு அத்தை இன்னிக்கு அழுதாங்க, ஆனா பாட்டு கேட்டுக்கிட்டே அழுதாங்க" என்பாள்.

பெரியப்பாதான் விதிவிலக்கு. கடைசிக் காலத்தில் அவருக்கு எல்லாம் ஒவ்வொன்றாக அழிந்துகொண்டு வந்தது. கரண்டியைத் தூக்கிக் காட்டி "இது என்ன?" என்பார். "கரண்டி" என்றால், "எனக்குத் தெரியும்" என்று முறைப்பார். சற்று நேரத்தில் மறுபடியும் அதே கரண்டி. வீட்டில் யாரும் அவரிடம் சலித்துக்கொண்டதில்லை, கடுகு எல்லாரையும் விடப் பொறுமை. அந்த வயதில் அதுதான் அவளுக்கு உத்தியோகம். இது கதவு, இது செருப்பு, இது வலது கால். ஒரு நாள் தன் கையையே தூக்கிக் காட்டி "இது என்ன?" என்றார்.

"கை, பெரியப்பா."

"யாரோடது?"

"உங்களோடதுதான்."

அன்றைக்கு அவர் "எனக்குத் தெரியும்" என்று சொல்லவில்லை. கொஞ்ச நாளில் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் பெரிதாக அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. கிடங்கில் அடுக்கிய பெட்டிகள் மாதிரி நாட்கள் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன.

கடுகைப் பாலர் பள்ளியில் சேர்த்தார்கள். முதல் நாளே டீச்சர் ஒரு பந்தைத் தூக்கிக் காட்டி, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு, "இது என்ன?" என்று கேட்டார். மற்ற பிள்ளைகள் "பந்து!" என்று கூரையைப் பெயர்த்தார்கள். கடுகு பந்தைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள், பேசாமல் இருந்தாள்.

"என்ன கலர்?"

"சிவப்பு!"

கடுகு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், "டீச்சர் என்னைக் கேலி பண்றாங்க" என்றாள். "பந்தக் கையில வெச்சுக்கிட்டு என்னன்னு கேக்கறாங்க. சிரிச்சுக்கிட்டே கேக்கறாங்க."

அம்மா ஓட்டல் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறவள். நாள் முழுக்க இன்னொரு பெண்ணோடு எதிரெதிரே நின்று, ஒரு வார்த்தை பேசாமல், படுக்கை விரிப்புகளை மடிக்கிறவள். விரிப்பின் நுனி எந்த நேரத்தில் எதிர்க்கையிலிருந்து தன் கைக்கு வரும் என்று அவளுக்குத் தெரியும். மகளின் புகார் நியாயமாகத்தான் அவளுக்குப் பட்டது. கேலி பண்ணுகிறவர்களுக்குப் பதில் சொல்லாமல் இருப்பது நல்ல வளர்ப்பு. ஆகவே அவளும் ஒன்றும் சொல்லவில்லை.

அங்கேதான் வந்தது வினை. வருஷக் கடைசியில் ஒரு மதிப்பீட்டாளர் வருவார். அவர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பிள்ளைகள் பக்கத்திலேயே இருக்கும் பெரிய பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்குப் போவார்கள். சொல்லாத பிள்ளைகள் நகரத்தின் மறுகோடியில் இருக்கும் தனிக்கவனப் பள்ளிக்குப் போவார்கள். விடிவதற்கு முன் வேன் வரும். போனவர்கள் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. அடுத்த வீட்டுப் பையன் அப்படிப் போனவன்தான். இப்போது மீசை முளைத்துவிட்டது. விடுமுறையில் லாரி எஞ்சினைப் பிரித்து மாட்டுகிறான், பள்ளியில் இன்னும் வண்ண மணி கோக்கிறான். ஐந்து வயதில் பந்தைப் பந்து என்று சொல்லவில்லை, அவ்வளவுதான் அவன் செய்த குற்றம்.

கடுகின் பெயர் வேன் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. அதனால் அப்பாவையும் அம்மாவையும் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள்.

பூர்வகுடிப் பெற்றோர் தொடக்கநிலைக் கல்விப் பங்கேற்பு மேம்பாட்டு முன்னெடுப்பு என்பது கூட்டம் நடத்தும் திட்டத்தின் பெயர். பலகை எழுதியவர் சுவரின் நீளத்தைப் பார்க்காமல் ஆரம்பித்துவிட்டதால் "முன்னெடுப்பு" மட்டும் மூலையில் திரும்பிக் கழிப்பறைப் பக்கம் போயிருந்தது. திட்டத்தை நடத்துபவர் ஒருங்கிணைப்பாளர். கழுத்தில் மணிமாலை, காலில் பளபளக்கும் ஷூ. மாலை பூர்வகுடிகளுக்கு மரியாதை, ஷூ மேலதிகாரிகளுக்கு.

வகுப்பறையில் பிள்ளைகளின் நாற்காலிகள்தான் இருந்தன. பெற்றோர்கள் முழங்கால் காதைத் தொட உட்கார்ந்தார்கள். ஒருங்கிணைப்பாளரும் அதிலேயே உட்கார்ந்தார்.

"குழந்தையோட உயரத்துக்கு நாம இறங்கணும். அதான் தத்துவம்" என்று சொல்லி எழுந்தார். நாற்காலியும் கூடவே எழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. குளிரறைக்காரர் பின்னால் போய், மரப்பலகையில் ஒட்டி உறைந்த பெட்டியைப் பெயர்க்கிற மாதிரி, நாற்காலியை இரண்டு தரம் அசைத்து இழுத்தார். வந்துவிட்டது. அதை வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய் முழங்கால்களுக்கு நடுவே உட்கார்ந்தார்.

"நன்றி. நீங்க யாரோட அப்பா?"

குளிரறைக்காரரின் சட்டையில் ஒருங்கிணைப்பாளரே சற்று முன் குத்திவிட்ட அட்டை இருந்தது. அதில் கொட்டை எழுத்தில் கடுகின் நீளப் பெயரும் அதன் கீழே "அப்பா" என்றும் எழுதியிருந்தது. எழுதியவரும் அவர்தான். குளிரறைக்காரர் யோசித்தார். நாற்காலி விஷயத்துக்காகக் கேலி பண்ணுகிறாரோ? மரியாதைக் குறைவாக எதுவும் சொல்லிவிடக் கூடாது என்று, அட்டையை மட்டும் லேசாகத் தூக்கிக் காட்டினார்.

ஒருங்கிணைப்பாளர் டீச்சரைப் பார்த்து மெல்லத் தலையாட்டினார். "வீட்டுலயே பேச்சு இல்ல பாருங்க."

பிறகு கூட்டத்தைப் பார்த்து, "ஒரு குழந்தையோட முதல் பள்ளிக்கூடம் எது?" என்றார்.

அவர் முகத்தைப் பார்த்தாலே அவருக்குப் பதில் தெரியும் என்று தெரிந்தது. தெரிந்தவரிடம் எதற்குச் சொல்ல?

"வீடு!" என்று அவரே சொல்லி, அவரே கைதட்டினார்.

பின்வரிசையில் ஒரு தாய், "அப்போ எதுக்குங்க இங்க அனுப்பச் சொல்றீங்க?" என்று கேட்டாள். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

"ரொம்ப நல்ல கேள்வி" என்றார் ஒருங்கிணைப்பாளர். நல்ல கேள்விகளுக்குப் பதில் கிடையாது என்பதை அன்றைக்கு அவர்கள் தெரிந்துகொண்டார்கள்.

கடுகின் அம்மா பேசினாள். அவள் பொதுவில் பேசுகிறவள் இல்லை. ஆனால் வேன் வந்து நிற்கும் சத்தம் அவளுக்கு இப்போதே கேட்டுக்கொண்டிருந்தது.

"டீச்சரம்மா, அவகிட்ட ஒண்ணும் கேக்காதீங்க. பக்கத்துல உக்காந்து எதையாவது மடிங்க, அடுக்குங்க. அவளே சொல்லுவா. வாய மூடச் சொல்ற அளவுக்குச் சொல்லுவா. வேணும்னா வாரத்துல ரெண்டு நாள் நானே வந்து உக்காந்துக்கறேன். பங்கேற்புன்னுதானே பலகையில போட்டிருக்கு."

டீச்சர் நல்லவர். களைத்தவர். "எனக்குச் சம்மதம்தாங்க. ஆனா அந்த மதிப்பீட்டுக்கு வர்றவங்க கேக்கத்தானே செய்வாங்க?" என்றார்.

"வகுப்புக்குள்ள பெற்றோர் வர்றதுக்குத் திட்டத்துல இடமில்ல" என்றார் ஒருங்கிணைப்பாளர். "ஆனா அம்மா சொன்னது ஆழமான கருத்து. பதிவு பண்ணிக்கறேன்."

பதிவு பண்ணிக்கொண்டார். அத்தோடு அந்தக் கருத்துக்குக் காரியம் முடிந்தது.

திட்டத்தில் இடம் இருந்தது வேறொன்றுக்கு. சாயங்காலம் தோறும், சாப்பாட்டு நேரத்தில், பெற்றோர் பிள்ளையிடம் பத்துக் கேள்வி கேட்க வேண்டும். ஒருங்கிணைப்பாளர் பையிலிருந்து ஒரு கரண்டியை எடுத்துச் செய்தும் காட்டினார். "இது என்ன? எங்கே சொல்லுங்க! முகத்துல சந்தோஷம் வேணும், கண்ணு விரியணும், கை தட்டணும்!" பெற்றோர்கள் அவர் கண் விரிவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் குளிரறைக்காரர் கைகளை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். உணர்ச்சி திரும்பும்போதுதான் வலிக்கும். வலித்து முடிந்ததும் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். மனைவியைப் பார்த்தார். அவள் தட்டைப் பார்த்தாள். அவர் கரண்டியைத் தூக்கினார்.

"கடுகு. இது என்ன?"

கடுகு மெல்லுவதை நிறுத்தினாள்.

அவர் முகத்தில் சந்தோஷத்தைக் கொண்டுவரப் பார்த்தார். பகல் முழுக்கப் பனிக்குள் இருந்த முகம், சொன்னால் கேட்கிற முகம் இல்லை. கண்ணும் விரியவில்லை. வீட்டில் யாரையும் அவர் ஒரு நாளும் கேலி பண்ணியதில்லை. இப்போதும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கேலி என்று அவள் நினைத்திருப்பாள், கதை வேறு மாதிரி போயிருக்கும்.

கடுகு இறங்கி வந்து, அப்பாவின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். சில்லென்று இருந்தது.

"கரண்டி" என்றாள், மிக மெதுவாக.

குளிரறைக்காரர் மனைவியைப் பார்த்தார். ஒரு வருஷமாகப் பள்ளியில் வெளிவராத வார்த்தை ஒரே சாயங்காலத்தில் வந்துவிட்டது. ஒருங்கிணைப்பாளர் சும்மா ஆள் இல்லை போலிருக்கிறது.

"இது?"

"தட்டு."

"இது?"

"தண்ணி. குடிக்கறதுக்கு." கொஞ்சம் யோசித்து, "மெதுவா குடிங்க" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

மறுநாள் அம்மாவும் கேட்டாள். அன்றைக்குக் கடுகு அம்மாவை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு அம்மாவுக்கும் சொன்னாள். இப்படியே நாளைக்குப் பத்துக் கேள்வியாக, நாற்காலி, விளக்கு, சட்டை, பொத்தான் என்று வீட்டில் இருந்த அத்தனை சாமான்களும் தங்கள் பெயரைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயின. கடுகு ஒரு முறைகூடத் தவறவில்லை, ஒரு முறைகூட முகம் சுளிக்கவில்லை. ஆனால் பூனையைப் பற்றியும் மேல் வீட்டு அத்தையைப் பற்றியும் சொல்வது நின்றுபோனது. அதை யாரும் கவனிக்கவில்லை. பதில் வரும் வீட்டில் பேச்சு வரவில்லை என்று யார் புகார் செய்வார்கள்?

மதிப்பீட்டுக்கு முந்தின நாள் சாயங்காலம் மாமா வந்தார். கடுகின் தாய்மாமன். நகராட்சிக் குப்பை லாரி ஓட்டுகிறவர். குளித்து, வாசனை போட்டுக்கொண்டு வந்தும், "இன்னிக்கு எந்தத் தெரு?" என்று கேட்கலாம் போலத்தான் இருப்பார். அந்த வீட்டில் சத்தமாகப் பேசுகிற ஒரே ஆள்.

"என்ன மச்சான், நாளைக்குக் கடுகு பொரியுமா பொரியாதா? எண்ணெய் காஞ்சிருச்சா?"

"பொரியும்" என்றார் குளிரறைக்காரர்.

"வாயத் தொறந்தா முத்தா உதிரும்னு ஒரு வருஷமா மூடி வெச்சிருந்தா. எப்படித் தொறந்தீங்க?"

"தினம் கேக்கறோம்" என்றாள் அக்கா, சமையலறையிலிருந்து. "சொல்லிருவா."

"எது, நம்ம வீட்டுலயா? தெரிஞ்சதையா?" மாமா சமையலறை வாசலுக்குப் போனார். "ஏன்க்கா, குப்பைய வெளிய கொண்டுபோய்க் கொட்டத்தான் என்னை வெச்சிருக்காங்க. நீங்க என்னடான்னா உள்ள கொண்டுவந்திருக்கீங்க."

"உனக்கென்னடா. வேன் உன் வீட்டு வாசல்லயா வந்து நிக்கப்போகுது?"

மாமா முன்னறைக்குப் போய்க் கடுகின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவள் காலணிகளை ஜோடி ஜோடியாக வைத்துக்கொண்டிருந்தாள். அவரும் ஒரு ஜோடியை எடுத்து வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாவது ஜோடியிலேயே கடுகு பேச ஆரம்பித்துவிட்டாள்.

"மாமா, அப்பாவுக்குப் பெரியப்பா மாதிரி ஆயிடுச்சு."

சமையலறையில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது.

"கரண்டி தெரியல. பொத்தான் தெரியல. அம்மாவுக்கும் ஆரம்பிச்சிருச்சு. நான் தினம் சொல்றேன். பெரியப்பாகிட்ட ஒரு தடவை தூக்கம் வந்து சொல்லாம படுத்துட்டேன். அதனாலதான் கை மறந்து போச்சு. இப்ப நான் ஒண்ணுகூட விடறதில்ல. அப்பா இன்னும் கைய கேக்கல மாமா. கைய கேட்டா அப்புறம் செத்துப்போயிடுவாங்க."

மாமா எடுத்த ஜோடியைக் கையிலேயே வைத்திருந்தார்.

குளிரறைக்காரரும் மனைவியும் சமையலறையில் நின்றிருந்தார்கள். குழாயிலிருந்து தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அவள்தான் மூடினாள்.

"போய்ச் சொல்லுங்க" என்றாள். "ஒண்ணுமில்லன்னு சொல்லுங்க."

"சொன்னா?"

"சொன்னா என்ன?"

"நாங்க தெரிஞ்சுக்கிட்டேதான் கேட்டோம்னு சொல்லணும். அப்ப அது கேலி. நாளைக்கு வர்ற அம்மா கேக்கறதும் கேலிதான். வாயத் தொறக்க மாட்டா."

அவள் ஈரக் கையைத் துணியில் துடைத்தாள். துணியை நான்காக மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"ஒரு நாள்" என்றார் அவர். "நாளைக்குச் சொல்லிரலாம்."

அவள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எதிரே நின்று விரிப்பின் நுனியைக் கொடுக்க வேண்டிய நேரத்தில் கை நீட்டாமல் நின்றாள், அவ்வளவுதான்.

குளிரறைக்காரர் முன்னறைக்குப் போனார். மைத்துனர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "வேணாம் மச்சான்" என்றார். அவர் காதில் வாங்கவில்லை. கடுகின் முன்னால் உட்கார்ந்தார்.

"கடுகு. நாளைக்கு ஸ்கூலுக்கு ஒரு அம்மா வருவாங்க."

கடுகு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவங்களுக்கும் என்னை மாதிரிதான். ஒண்ணும் தெரியாது. நீதான் சொல்லணும்."

"எல்லாமேவா தெரியாது?"

"எல்லாமே."

"பாவம்" என்றாள் கடுகு. "சொல்றேன்பா."

அவர் முகத்தில் எதுவும் இல்லை. கிடங்கில் யாராவது பார்த்திருந்தால் முகம் முழுவதையும் சொல்லி வெளியே அனுப்பியிருப்பார்கள்.

மதிப்பீட்டாளர் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. சக்கரம் வைத்த பெட்டி ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தார். அன்றைக்கு அவருக்கு அது நான்காவது பள்ளி. சிரிப்பெல்லாம் மூன்றாவது பள்ளியிலேயே தீர்ந்துபோயிருந்தது. அது கடுகுக்குச் சௌகரியமாகப் போயிற்று. சிரிக்காமல் பந்தைத் தூக்கிய அந்தக் களைத்த முகத்தைப் பார்த்ததும் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

"இது என்ன?"

கடுகு தன் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பந்து. சிவப்பு. பயப்படாதீங்க."

"நான் பயப்படலம்மா. எனக்குத் தெரியும்."

"ம்" என்றாள் கடுகு. அன்றைக்கு மட்டும் பெற்றோரை உள்ளே விட்டதால் சுவரோரம் நின்றிருந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக வந்தது. சீப்பு, பூட்டு, மரக் குதிரை, நீலக் கட்டை, மஞ்சள் கட்டை. கடுகு ஒன்றைக்கூட விடவில்லை. பூட்டைச் சொன்னதோடு நிறுத்தாமல், சாவியைத் தொலைத்துவிடாமல் இருக்க எங்கே வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னாள். "வீட்டுல உங்களுக்குச் சொல்றதுக்கு யாராவது இருக்காங்களா?" என்று கேட்டாள். அது அவளுக்கு நிஜமாகவே தெரியாத விஷயம். மதிப்பீட்டாளர் ஒரு கணம் பேனாவை நிறுத்தினார். "இல்லம்மா, நான் தனியாத்தான் இருக்கேன்" என்றார். ஏன் சொன்னோம் என்று அவருக்கே தெரியவில்லை போல, பெட்டியை அவசரமாக மூடினார்.

ஒன்றாம் வகுப்பு. பக்கத்துப் பள்ளி. வேன் இல்லை.

ஒருங்கிணைப்பாளருக்குத் தலைகால் புரியவில்லை. கையோடு ஒரு கேமராக்காரரையும் கூட்டி வந்திருந்தார். குளிரறைக்காரரின் தோளில் கை போட்டு, கேமராவுக்கு முன்னால் நிறுத்தி, "சொல்லுங்க, இத எப்படிச் சாதிச்சீங்க?" என்று கேட்டார்.

அவர் இத்தனை மாதத்தில் தெரியாமல் கேட்ட முதல் கேள்வி அது. தெரியாமல் கேட்கிறவருக்கு உள்ளதைச் சொல்லியாக வேண்டும் என்பது குளிரறைக்காரர் வளர்ந்த முறை. வாயைத் திறந்தார்.

"தினமும் பத்துக் கேள்வி!" என்றார் ஒருங்கிணைப்பாளர் கேமராவைப் பார்த்து. "பெற்றோரின் பங்கேற்பு! குழந்தையோட பரிவைக் கவனிச்சீங்களா? கையப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னது! இது எங்க முன்னெடுப்போட நேரடி விளைவு!"

குளிரறைக்காரர் வாயை மூடிக்கொண்டார்.

வீட்டுக்கு நடந்தே வந்தார்கள். கடுகு இருவருக்கும் நடுவில் இருவர் கையையும் பிடித்துக்கொண்டு வந்தாள். சாலையைக் கடக்கும்போது, "இது சிவப்பு, நிக்கணும்" என்றாள். நின்றார்கள். "இப்ப பச்சை." நடந்தார்கள்.

வீட்டுக்குள் வந்ததும் அவர் அவளை நாற்காலியில் உட்காரவைத்து, முன்னால் முழங்காலிட்டார். அம்மா பக்கத்தில் நின்றாள்.

"கடுகு. எல்லாம் முடிஞ்சுது. அப்பாவுக்கு ஒண்ணுமில்ல. அம்மாவுக்கும் ஒண்ணுமில்ல. ஸ்கூலுக்காகச் சும்மா கேட்டோம்."

"ம்."

"நிஜமா. கரண்டி, தட்டு எல்லாம் எனக்குத் தெரியும்."

கடுகு அவரையே பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, சந்தேகம்கூட இல்லை. பெரியப்பா "எனக்குத் தெரியும்" என்று சொல்லும்போதெல்லாம் அந்த வீட்டில் எல்லாரும் பார்த்த பார்வை. அவரும் தன் அண்ணனை அப்படித்தான் பார்த்திருந்தார்.

"பாரு" என்று எழுந்தார். "இது கதவு. இது விளக்கு. இது ஜன்னல். அது நெடுஞ்சாலை." தொட்டுத் தொட்டுச் சொல்லிக்கொண்டே அறையைச் சுற்றி வந்தார். குரல் கொஞ்சம் உயர்ந்தது. "இது சுவர். இது நாற்காலி."

"ஆமாம்பா" என்றாள் கடுகு. "எல்லாம் கரெக்ட்."

கொஞ்சம் கைதட்டினாள். பள்ளியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

அம்மா போய் விளக்கைப் போட்டாள். இன்னும் இருட்டவில்லை.

மறுநாள் காலை அவர் வேலைக்குக் கிளம்பினார். கையுறையைப் பையில் வைத்தார், தடித்த ஜாக்கெட்டைத் தோளில் போட்டார். கடுகு அவருக்கு முன்னாலேயே எழுந்து வாசலில் உட்கார்ந்திருந்தாள். அவருடைய காலணிகள் முனை வெளியே பார்த்தபடி ஜோடியாக இருந்தன. ஒன்றைக் கையில் எடுத்துப் பிடித்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"இது வலது கால்."

எனக்குத் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை.

வலது காலை நீட்டினார்.